உலகம் அழிந்து எத்தனை நாளாச்சு?

கேள்வி: உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதைகளைச் சொல்லும் படங்களில் என்னென்ன வகை உண்டு? உங்களுக்குப் பிடித்தது எது?

அணுகுண்டு, வைரஸ், பருவநிலை, ஜாம்பி என்று காரணத்தை வைத்துத்தான் பொதுவாக இந்தப் படங்களைப் பிரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. காரணம் பல படங்களில் முதல் ஐந்து நிமிடத்தோடு தீர்ந்துபோகும். அதற்குப் பதிலாக, அழிந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டுப் பாருங்கள். படத்தின் குணம் பிடிபட்டுவிடும்.

சில வாரங்கள்தான் ஆகியிருந்தால் அது பெரும்பாலும் திகில் படம். டேனி பாயிலின் '28 டேஸ் லேட்டர்' (2002) பாருங்கள். கோமாவிலிருந்து எழுந்துவரும் நாயகன் சிலியன் மர்ஃபி, ஆளரவமே இல்லாத லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நடக்கிறார். விடிகாலையில் கொஞ்ச நேரம் போக்குவரத்தை நிறுத்திவைத்து, டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுத்த காட்சி அது. எல்லோரும் பாலத்தைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதையொட்டி வரும் ஒரு சின்ன விஷயம். கீழே சிதறிக் கிடக்கும் ரூபாய் நோட்டுகளை, அதாவது பவுண்டு நோட்டுகளை, அவர் அவசரமாகப் பொறுக்கிப் பையில் திணிப்பார். நாடே போய்விட்டது, ஆனால் கைக்கு அது இன்னும் தெரியவில்லை. இந்த வகைப் படங்களில் பழைய பழக்கம் சாகாது. தமிழில் வந்த 'மிருதன்' (2016) இதற்கும் ஒரு படி முன்னால் நின்றுவிடுகிறது: தொற்று பரவும்போதே கதை முடிகிறது, பிறகு என்ன ஆனது என்ற கேள்விக்கே போவதில்லை.

பத்து வருடம் போல ஓடியிருந்தால் வில்லன் பசிதான். 'தி ரோட்' (2009) படத்தில் என்ன நடந்தது என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள். சாம்பல் வானம், செத்த மரங்கள், ஒரு தள்ளுவண்டி, துப்பாக்கியில் இரண்டே தோட்டா. குளிர்பானம் விற்கும் ஒரு பழைய இயந்திரத்துக்குள் அப்பாவுக்கு ஒரு கோகோ கோலா கேன் கிடைக்கிறது. மகன் அழிவுக்குப் பிறகு பிறந்தவன், அப்படியொன்றைக் குடித்ததே இல்லை. அவனைக் குடிக்கச் சொல்கிறார். அவன் குடித்துவிட்டு அப்பாவும் குடிக்க வேண்டும் என்கிறான். இன்னொரு கேன் இனிக் கிடைக்காது என்பது அவனுக்கும் தெரிகிறது. பழைய உலகம் அப்பாவுக்கு நினைவு, மகனுக்கு வெறும் கேள்விப்பட்ட கதை. இந்த இடைவெளிதான் படம். நரமாமிசக் கும்பல் வரும் காட்சிகளைவிட இது எனக்குக் கனமாக இருந்தது.

ஒரு தலைமுறை கழிந்துவிட்டால் அழுகை நின்று மதம் முளைத்துவிடும். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015) படத்தை வெறும் சேஸிங் படம் என்று ஒதுக்குபவர்கள் அதில் வரும் சாமியைக் கவனிக்கவில்லை. இம்மார்ட்டன் ஜோ மலை உச்சியில் நின்று மதகைத் திறந்து தண்ணீர் விடுகிறான். கீழே கூட்டம் பாத்திரத்தோடு முட்டிமோதுகிறது. சில நொடிகளில் மூடிவிட்டு, தண்ணீருக்கு அடிமையாகாதீர்கள் என்று உபதேசம் வேறு. படியளக்கிறவனே கடவுள் ஆகிவிட்டான். அவனுடைய பிள்ளைப் படைக்கு கார் ஸ்டியரிங்தான் பூஜைப் பொருள், வி8 என்ஜின்தான் கும்பிடும் முத்திரை. நம்முடைய பெட்ரோல் பங்க் சாமான்களை வைத்து ஒரு முழுப் புராணத்தையே கட்டியிருக்கிறார் இயக்குநர் ஜார்ஜ் மில்லர். (ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில்லில் எடுக்க நினைத்த படம் இது. மழை பெய்து பாலைவனம் பூத்துக் குலுங்கிவிட்டதால் நமீபியாவுக்கு மூட்டை கட்டினார்கள். வறட்சிக் கதைக்கு வந்த சோதனை!)

எழுநூறு வருடம் தள்ளிப் போனால் 'வால்-இ' (2008) மாதிரி குழந்தைகளுக்கான கதையாகவே ஆகிவிடும். அங்கே பயப்பட யாரும் மிச்சமில்லை.

இந்தக் கட்டங்களில் முதல் சிலவற்றை ஒரே படத்தில் கடந்துபோவது பிபிசி எடுத்த 'த்ரெட்ஸ்' (1984). ஷெஃபீல்டு நகரில் ஒரு சாதாரணக் காதல் ஜோடி, கல்யாண ஏற்பாடு, பின்னணியில் போர்ச் செய்தி. குண்டு விழுகிறது. வாசல்படியில் வைத்த பால் பாட்டில்கள் உருகுகின்றன. மற்ற படங்கள் இங்கே முடித்துக்கொள்ளும். இது இங்கிருந்து பதின்மூன்று வருடம் போகிறது. பணத்துக்கு மதிப்பில்லை; வேலை செய்தால் சோறு, இல்லாவிட்டால் இல்லை. டிராக்டருக்கு எரிபொருள் இல்லாமல் மனிதர்கள் கையால் மண்ணைக் கொத்துகிறார்கள். அழிவுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு முழு வாக்கியம் பேச வராது, உடைந்த சொற்களாகத்தான் வரும். ஹீரோ யாரும் வந்து காப்பாற்றுவதில்லை. செய்திப்பட பாணியில் ஒரு குரல் நிதானமாகக் கணக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. இந்த வகையிலேயே சிறந்தது இதுதான் என்பேன். ஆனால் மறுபடி பார்க்கச் சொல்லாதீர்கள்.

பிடித்தது எது என்று கேட்டிருக்கிறீர்கள். 'சில்ட்ரன் ஆஃப் மென்' (2006). என் அளவுகோலுக்குள்ளேயே அடங்காத படம் அது. 2027-இல் நடக்கும் கதை. 18 வருடமாக உலகில் ஒரு குழந்தை பிறக்கவில்லை. அணுகுண்டும் இல்லை, ஜாம்பியும் இல்லை. ஆபீஸ் நடக்கிறது, டீக்கடை திறந்திருக்கிறது, அகதிகளைக் கூண்டில் அடைக்கும் வேலையும் ஒழுங்காக நடக்கிறது. அழிவுக்குப் பிறகு எத்தனை நாள் என்று இங்கே கேட்க முடியாது, இன்னும் எத்தனை நாள் என்றுதான் கேட்க வேண்டும். அப்படியானால் இது பேரழிவுக்குப் பிந்தைய படமே இல்லையே என்று சிலர் வாதிடுவார்கள். கைவிடப்பட்ட அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் மான் நடமாடும் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து வாதிடட்டும்.