புகார் எழுதாத மகள்

அன்புள்ள ஐயா,

என் மகள் வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வார்டு இன்சார்ஜ், நோயாளிகள் முன்னாலேயே ‘நீயெல்லாம் எங்கே படிச்சே?’ என்று கேட்கிறாராம். பதில் சொன்னால் அடுத்த வாரம் முழுக்க நைட் டூட்டி. புகார் கொடு என்றால் ‘வேணாம்பா, விடுங்க’ என்கிறாள். பி.எஸ்சி. நர்சிங் படித்தவளுக்கு இவ்வளவு பயமா?

ஒரு தந்தை, குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

பயம் என்று சொல்லாதீர்கள். உங்கள் மகள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

புகார் போவது நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டிடம். அவர் விசாரிப்பது அதே இன்சார்ஜிடம். டூட்டி ரோஸ்டர் போடுவதும், லீவு லெட்டரில் முதல் கையெழுத்துப் போடுவதும் அந்த இன்சார்ஜ்தான். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் அனுபவச் சான்றிதழ் வேண்டும்; சண்டை போட்டவருக்கு அதை இழுத்தடிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரி, வேறு இடம் போகலாமே? சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்சிங் பள்ளி தொடங்கிய ஊர் இது; நர்ஸ்களுக்குள் பழக்கம் அதிகம். காட்பாடியில் நேர்காணலுக்குப் போனால் எதிரில் இருப்பவர் பழைய இன்சார்ஜின் பேட்ச்மேட்டாக இருப்பார்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். ராகிங் தடைக்கு 1997 சட்டம், அது மாணவர்களுக்கு. நோயாளியின் உறவினர் கைநீட்டினால் 2008 சட்டம். பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம். 10 பேர் வேலை செய்தாலே அந்தப் புகார்களை விசாரிக்க உள்குழு கட்டாயம். மேலே இருப்பவர் தினமும் மட்டம் தட்டுவதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ‘நாங்களும் திட்டு வாங்கித்தான் கத்துக்கிட்டோம்’ என்பதே பல வார்டுகளில் சட்டம்.

இதில் எனக்குக் கோபம் வருவது நிர்வாகங்கள் மேல்தான். டாக்டர் எழுதிய மருந்தின் அளவு 0.5-ஆ 5-ஆ என்று சந்தேகம் வந்தால் நர்ஸ் உடனே கேட்க வேண்டும். ‘இதுகூடத் தெரியாதா?’ என்று நாலு பேர் முன் கேட்கப்பட்டவர் அடுத்த முறை கேட்கத் தயங்குவார். அந்த ஊசி யாருக்கோ போகிறது!

மகளை நெருக்காதீர்கள். தேதி, ஷிஃப்ட், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே வீட்டு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ரோஸ்டரையும் குறித்து வைக்கட்டும். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஒருவரைக் குறிவைப்பது கஷ்டம். அப்புறம் முக்கியமாக, வேலையில் சேரும்போது அவருடைய அசல் சான்றிதழ்களை மருத்துவமனையில் வாங்கி வைத்துக்கொண்டார்களா என்று கேளுங்கள். அவை உங்கள் வீட்டு பீரோவில் இருந்தால் உங்கள் மகள் பேசுகிற பேச்சே வேறாக இருக்கும்.