எண்ணும் கொடியும் கூண்டும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கப்பல் ரேடியோவில் எண்களை ‘நாடாசீரோ, உனாவன், பிசோடூ’ என்றெல்லாம் உண்மையிலேயே பேசுகிறார்களா?

விதிநூலில் இருக்கிறது, காதில் விழுவது அபூர்வம். 1969 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள சர்வதேச சமிக்ஞை நூல், ஒவ்வொரு ஆங்கில எண்ணுக்கு முன்னாலும் லத்தீன், கிரேக்கச் சாயலில் ஒரு பாதியை ஒட்டிவைத்தது. இரைச்சலில் ஒரு பாதி போனாலும் மறுபாதி பிழைக்கும். ‘ஃபைவ்’, ‘நைன்’ இரண்டும் குழம்புவதுதான் பெரிய தொல்லை. அங்கே ‘பாண்டாஃபைவ்’, ‘நோவெநைன்’ நன்றாகவே பிரிகின்றன. அன்றாடத்தில் இலக்கம் இலக்கமாகச் சொன்னால் போதும்: 150 என்றால் ‘ஒன் ஃபைவ் ஜீரோ’. சுக்கான் கோணம் மட்டும் விலக்கு. 15 பாகை திருப்பச் சொல்லும்போது ‘ஃபிஃப்டீன்’ என்றே சொல்ல வேண்டும்.

கேள்வி: எண்ணுக்கு ஒரு கொடிதான் உண்டென்றால் 1100 என்பதை எப்படிக் காட்டுவார்கள்?

நல்ல கேள்வி. ஒரு தொகுப்பில் 40 கொடிகள்: எழுத்துக்கு 26, எண்ணுக்கு 10, சமிக்ஞை கிடைத்தது என்று சொல்லும் பதில்கொடி ஒன்று, மிச்சம் மூன்றும் மாற்றுக்கொடிகள். முதல் மாற்றுக்கொடி முதல் கொடியையும், இரண்டாவது இரண்டாம் கொடியையும், மூன்றாவது மூன்றாம் கொடியையும் திரும்பச் சொல்லும். ஆகவே மேலிருந்து கீழாக: 1, முதல் மாற்று, 0, மூன்றாம் மாற்று.

சிக்கல் இனிமேல்தான். அட்சரேகையைச் சொல்ல ‘எல்’ கொடிக்குக் கீழே 2330 ஏற்ற வேண்டும். இரண்டாவது 3-க்கு எந்த மாற்று? மேலிருந்து எண்ணினால் முதல் 3 மூன்றாவது இடத்தில் இருக்கிறது. ஆனாலும் ஏற்ற வேண்டியது இரண்டாம் மாற்றுதான். எண்களுக்கு அடுத்து வரும் மாற்றுக்கொடி எண்களை மட்டுமே எண்ணும். எழுத்தைக் கணக்கில் சேர்க்காது. கப்பல் அதிகாரிகளுக்கான தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான். தசமப் புள்ளி வேண்டுமென்றால் அந்த இடத்தில் பதில்கொடி நிற்கும்.

கேள்வி: மஞ்சள் கொடி ஏற்றிய கப்பலில் நோயா?

நேர்மாறு. ‘கப்பலில் எல்லோரும் நலம், சுகாதார அனுமதி தாருங்கள்’ என்று பொருள். பழைய காலத்தில் மஞ்சள் நோய்த்தடுப்புக் கொடியாக இருந்ததால் இந்தப் பயம் இன்னும் போகவில்லை.

கேள்வி: துறைமுகத்தில் 7-ம் எண் கூண்டு ஏற்றினால், 5-ஐ விடப் புயல் பலமானதா?

இல்லை. செய்தி வாசிப்பவர்களே இதைத் தரவரிசைபோல வாசிக்கிறார்கள். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்பதில்தான் 5-க்கும் 6-க்கும் வித்தியாசம். 7 என்றால் துறைமுகத்தின் மீதோ அதை ஒட்டியோ கடக்கிறது. பெரும் அபாயத்துக்கான 8, 9, 10-க்கும் இதே கணக்கு. இவை கொடிகளும் அல்ல. பகலில் கூம்பு, உருளை வடிவங்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கடைசி எண்ணான 11 புயலின் வலிமையைச் சொல்வதே இல்லை: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார், அவ்வளவுதான்.