வாசகர் கேள்வி–பதில்: ஊர் ஊராக அலைந்த அரண்மனைப் பெட்டிகள்

இவ்விதழுக்கு வந்த கேள்விகளில் ஐந்து, சொல்லிவைத்தாற்போல் பெய்ஜிங் அரண்மனையைப் பற்றியே இருந்தன. ஜூன் பள்ளி விடுமுறைக்கு அங்கே சென்று திரும்பியவர்கள் நம் வாசகர்களில் பலர் போலும். எனவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி (வாசகி, ஈசூன்): தடைசெய்யப்பட்ட நகரத்தைக் குடும்பத்தோடு பார்த்தோம். கட்டடங்கள் மலைக்க வைத்தன. ஆனால் பல மண்டபங்களில் ஒரு சிம்மாசனத்தையும் தூண்களையும் தவிர வேறொன்றும் இல்லை. பேரரசர்கள் சேர்த்த செல்வமெல்லாம் எங்கே? எல்லாம் தைவானுக்குப் போய்விட்டதாக என் மாமனார் சொல்கிறார்.

பதில்: உங்கள் மாமனார் சொல்வதில் ஏறத்தாழ கால்வாசி உண்மை இருக்கிறது. பேச்சுக்காகச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது. அதை விளக்கச் சற்று இடம் வேண்டும்.

கடைசிப் பேரரசர் பூ யீ 1912 பிப்ரவரி 12 அன்று அரியணையைத் துறந்தபோது அவர் ஆறு வயதுச் சிறுவர். அரண்மனையின் பின்பகுதியில் அவர் தொடர்ந்து வாழப் புதிய குடியரசு அனுமதித்தது. கருவூலம் கரையத் தொடங்கியது அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான். ஆண்மை நீக்கப்பட்ட அந்தப்புர ஊழியர்களான அண்ணகர்கள் பொருள்களைக் கடத்தி வெளியே விற்றார்கள். கணக்கெடுக்கும் பேச்சு எழுந்ததும், 1923 ஜூனில், கலைப்பொருள்கள் குவித்து வைக்கப்பட்டிருந்த ஒரு மாளிகைப் பகுதி எரிந்து சாம்பலாயிற்று. களவை மறைக்கவே தீ மூட்டப்பட்டதென்று நம்பிய பூ யீ, அண்ணகர்களில் பெரும்பாலோரை வெளியேற்றினார். ஆனால் அவரும் சளைத்தவரல்லர்: தம்பிக்கு அன்பளிப்பு என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களையும் எழுத்தோவியச் சுருள்களையும் சிறுகச் சிறுக வெளியே அனுப்பிவைத்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஐந்து மீட்டருக்கும் நீளமான ‘சிங்மிங்’ ஆற்றங்கரை ஓவியம், பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஒரு நகர வாழ்க்கையைக் கடை கடையாக, படகு படகாக விரித்துக் காட்டும் அந்த அருஞ்சுருள், இப்படித்தான் அரண்மனையை விட்டுப் போனது. மஞ்சூரியாவில் ஜப்பானியர்கள் அவரைப் பொம்மை அரசராக அமர்த்தியபோது அதுவும் அங்கே சென்றது. 1945இல் ஜப்பான் வீழ்ந்த பிறகு மீட்கப்பட்டு, இன்று பெய்ஜிங்கில் இருக்கிறது.

1924 நவம்பரில் பூ யீ வெளியேற்றப்பட்டார். 1925 அக்டோபர் 10 அன்று அரண்மனை, அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் 1931இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை பெருஞ்சுவரை நெருங்கவே, பொருள்களை மூட்டை கட்டும் நிலை எட்டே ஆண்டுகளில் வந்துவிட்டது. அருங்காட்சியக ஊழியர்களுக்கு அந்த வேலை பழக்கமில்லாததால், பழம்பொருள் வணிகர்களிடம் கற்றுக்கொண்டார்கள். பஞ்சும் வைக்கோலும் திணித்து, காகிதம் போன்ற மெல்லிய பீங்கான் கிண்ணங்களிலிருந்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள பத்துக் கல்முரசுகள்வரை கட்டிவைத்தார்கள். 1933 பிப்ரவரி முதல் மே வரை, அரண்மனைக்குரிய 13,427 பெட்டிகள் ரயிலேறின. பொருள்கள் போனால் நகரையே கைவிட்டதாகும் என்று பெய்ஜிங் மக்கள் எதிர்த்ததால், இரவில்தான் வண்டிகள் நகர்ந்தன.

ஷாங்ஹாய், பிறகு நாஞ்சிங். 1937இல் போர் மூண்டதும் அங்கிருந்து மூன்று வழிகளில் மேற்கு நோக்கி. லண்டன் கண்காட்சிக்குச் சென்று திரும்பியிருந்த மிகச் சிறந்த பொருள்கள் அடங்கிய 80 பெட்டிகள் தெற்கு வழியாகச் சென்று, குய்சோ மாநிலத்தில் ஒரு மலைக்குகையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. பிற நிறுவனங்களின் பெட்டிகளையும் சேர்த்து, 9,000க்கும் மேற்பட்டவை யாங்ஸி ஆற்றில் கப்பலேறின. 7,000க்கும் மேற்பட்டவை ரயிலிலும் லாரியிலும் மலைகளைக் கடந்து சிச்சுவானை அடைந்தன. சாங்ஷா நகரில் பெட்டிகள் தங்கியிருந்த பல்கலைக்கழக நூலகம், அவை புறப்பட்டுப்போன பிறகு குண்டுவீச்சுக்கு இரையானது. போர் முடிந்து 1947இல் எல்லாம் நாஞ்சிங் திரும்பின. அதற்குள் கம்யூனிஸ்டுகளுடனான உள்நாட்டுப் போர் முற்றிவிட்டது. 1948 இறுதியிலும் 1949 தொடக்கத்திலும் தேசியவாத அரசு 2,972 பெட்டிகளை மூன்று கப்பல்களில் தைவானுக்கு அனுப்பியது. 13,427இல் 2,972 என்றால் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. மாமனாரின் கால்வாசி இதுதான். எஞ்சியவற்றில் பெரும்பகுதி பெய்ஜிங் திரும்பியது, ஒரு பகுதி இன்னமும் நாஞ்சிங்கிலேயே இருக்கிறது.

எண்ணிக்கையில் பெய்ஜிங் முந்துகிறது: அங்கே ஏறத்தாழ 1.86 மில்லியன் பொருள்கள், தைவானின் தைப்பே நகர அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 700,000. ஆனால் தைப்பே சென்றவை பொறுக்கியெடுத்த மணிகள். அங்கே கூட்டம் மொய்ப்பது ஜேடு கல்லில் செதுக்கிய ஒரு சீனக் கீரையைப் பார்க்க. நம் ஈரச்சந்தையில் வாங்குவதைப் போன்ற வெண்தண்டும் பச்சை இலையும், இலைமேல் இரண்டு பூச்சிகளும். ஒரு சாண் உயரம்கூட இல்லை. எனக்கென்னவோ, அதே கட்டடத்தில் ஏறத்தாழ 500 எழுத்துகளைத் தன்னுள் தாங்கி நிற்கும் ‘மாவ் கோங்’ வெண்கலக் கலத்தைக் கடந்து மக்கள் கீரையை நோக்கி விரைவது வேடிக்கையாகவே படுகிறது.

பிரிவினையின் வலி ஒரு சிற்றறையில் தெரியும். பேரரசர் சியென்லோங் தம் மிகச் சிறிய படிப்பறைக்கு ‘மூன்று அரியவை’ என்று பெயரிட்டு, வாங் குலத்தைச் சேர்ந்த மூவரின் எழுத்தோவியங்களை அங்கே வைத்திருந்தார். ஒன்று இப்போது தைப்பேயில் இருக்கிறது. மற்ற இரண்டும் கை மாறி ஹாங்காங் சென்று, 1951இல் சீன அரசால் விலைகொடுத்து வாங்கப்பட்டுப் பெய்ஜிங் சேர்ந்தன. அறை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மண்டபங்கள் வெறுமையாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டிலும் காகிதத்திலும் தீட்டியவை வெளிச்சத்தைத் தாங்கா. குறுகிய காலம் காட்டிவிட்டு மீண்டும் கிடங்குக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

கேள்வி (வாசகர், ஜூரோங் வெஸ்ட்): இந்த அரண்மனைக்கும் தமிழுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? இல்லையென்றாலும் பரவாயில்லை.

பதில்: உண்டு, அதுவும் கல்லில் பொறித்த தொடர்பு. அரண்மனையை 1406 முதல் 1420 வரை கட்டுவித்தவர் மிங் மரபின் மூன்றாம் பேரரசர் யோங்லே. அண்ணன் மகனிடமிருந்து ஆட்சியைப் பறித்து, தலைநகரை நாஞ்சிங்கிலிருந்து பெய்ஜிங்குக்கு மாற்றியவர். தளபதி செங் ஹேயைப் பெருங்கப்பல்களோடு மலாக்கா, இலங்கை, கள்ளிக்கோட்டை என்று அனுப்பியவரும் அவரே. செங் ஹே இலங்கைக்குக் கொண்டுசென்ற கல்வெட்டு ஒன்று 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற திருமாலுக்கும் பேரரசர் அளித்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய காணிக்கைகளைச் சொல்கின்றன. பெய்ஜிங்கில் கட்டுமானம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே பேரரசரின் பெயரால் நம் மொழியில் ஒரு கல் செதுக்கப்பட்டிருக்கிறது. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட அக்கல், இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அரண்மனைக்கும் அந்தக் கப்பல்களுக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. திறப்புவிழா நடந்த 1421ஆம் ஆண்டிலேயே இடி விழுந்து மூன்று பெருமண்டபங்களும் எரிந்தன. வானத்தின் சினம் என்று அரசவையில் முணுமுணுப்பு எழ, யோங்லே கப்பல் பயணங்களைத் தற்காலிகமாக நிறுத்தும்படி ஆணையிட்டார். நீங்கள் இன்று பார்க்கும் தலைமை மண்டபம் 1695இல் மீண்டும் கட்டப்பட்டது.

கேள்வி (வாசகர், தோ பாயோ): பெய்ஜிங்கில் ஓர் அரண்மனையை ஆங்கிலேயர்கள் எரித்தார்கள் என்கிறார்களே, அது இதுதானா?

பதில்: இதுவன்று. 1860 அக்டோபரில் எரிக்கப்பட்டது நகருக்கு வெளியே இருந்த யுவான்மிங்யுவான் என்ற தோட்ட அரண்மனை. சமாதானம் பேசச் சென்றவர்களைச் சிறைப்பிடித்து, அவர்களில் பலர் மாண்டதற்குத் தண்டனையாக அதைக் கொளுத்த ஆணையிட்டவர் எல்ஜின் பிரபு. அதற்கு முன்பே பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் அங்கே கொள்ளையடித்து முடித்திருந்தன. விக்டோரியா அரசிக்குக் கிடைத்த ஒரு குட்டி நாய்க்கு ‘லூட்டி’ என்றே பெயர் வைத்தார்கள் என்றால் அவர்களின் கூச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த எல்ஜினை நீங்கள் அறிவீர்கள். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலிலிருந்து நார்த் பிரிட்ஜ் சாலைக்குப் போகும்போது சிங்கப்பூர் ஆற்றைக் கடக்கிறோமே, அந்த எல்ஜின் பாலம் அவர் பெயரைத் தாங்கியது. இப்போதுள்ள பாலம் 1929இல் திறக்கப்பட்டது. 1857இல் சீனா செல்லும் வழியில் அவர் சிங்கப்பூரில் இருந்தபோதுதான் இந்தியாவில் கிளர்ச்சி வெடித்த செய்தி வந்து, சீனாவுக்கென வந்த படைகளைக் கல்கத்தாவுக்குத் திருப்பிவிட்டார். பின்னர் 1862இல் இந்தியாவின் வைஸ்ராயும் ஆனார். 1860 படையெடுப்பில் சென்ற இந்தியப் படைப்பிரிவுகளில் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினரும் இருந்தார்கள் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

கேள்வி (மாணவர், செங்காங்): அரண்மனையில் 9,999 அறைகள் என்று வழிகாட்டி சொன்னார். உண்மையா?

பதில்: வானுலகப் பேரரசருக்குப் பத்தாயிரம் அறைகள், மண்ணுலகப் பேரரசர் அதைவிடச் சற்றுக் குறைத்துக்கொண்டார் என்பது கதை. எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கு ஏறத்தாழ 8,700. சீனக் கட்டடக் கலையில் நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட இடமே ஓர் ‘அறை’ என்பதால், சுவரை வைத்து எண்ணினால் விடை வராது. அடுத்த முறை நூலகக் கட்டடத்தின் கூரையைக் கவனி: மற்ற கூரைகளில் பெரும்பாலானவை மஞ்சள், அது கறுப்பு ஓடு. கறுப்பு நீரின் நிறம். புத்தகங்களைத் தீயிலிருந்து காக்கட்டும் என்று வேய்ந்தார்கள்.

கேள்வி (வாசகி, பிடோக்): டிசம்பரில் செல்கிறோம். அரைநாள்தான் கிடைக்கும். எதைப் பார்ப்பது?

பதில்: முதலில், திங்கட்கிழமையைத் தவிருங்கள்; பொது விடுமுறை நாள்கள் நீங்கலாகத் திங்களன்று மூடியிருக்கும். கடப்பிதழ் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்யாமல் உள்ளே போக முடியாது. பரப்பளவு 72 ஹெக்டர், அதாவது நம் தாவரவியல் பூங்காவைவிடச் சற்றே சிறியது, மர நிழல் மட்டும் அரிது. டிசம்பரில் குளிர் உறையும் அளவுக்கு இருக்கும்.

தெற்கு வாசலில் நுழைந்து நடு அச்சில் மூன்று பெருமண்டபங்களைப் பாருங்கள். மூன்றாவதன் பின்புறப் படிகளின் நடுவே, 200 டன்னுக்கும் மேற்பட்ட ஒற்றைக் கல்லில் டிராகன்கள் செதுக்கப்பட்டுள்ளன. வழிநெடுகக் கிணறு தோண்டி, குளிர்காலத்தில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, பனிக்கட்டிப் பாதையில் அதை இழுத்துவந்தார்கள்.

பிறகு வடகிழக்கு மூலையிலுள்ள பொக்கிஷக் கூடத்துக்குத் திரும்பிவிடுங்கள். அங்கே 2 மீட்டருக்கும் உயரமான, 5 டன் எடையுள்ள ஜேடு மலை நிற்கிறது; வெள்ளத்தை அடக்கிய பண்டை மன்னர் யூவின் கதை அதில் மனிதர்களும் மரங்களுமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சின்ஜியாங்கிலிருந்து கொண்டுவந்து யாங்சோவில் செதுக்கி முடிக்க ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. 1787 முதல் அது அரண்மனையைவிட்டு எங்கும் போகவில்லை. அந்தக் கூடத்துக்குத் தனிச் சீட்டு. முன்பதிவின்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்.