மணிக்கூண்டு அருகே ஒரு சிலுவை

கேள்வி: நாகர்கோவில் மணிக்கூண்டு சந்திப்பின் புகைப்படத்தில், சிலுவையில் தொங்கும் இயேசுவைச் சேர்த்து என் நண்பர் போட்டோஷாப்பில் ஒரு படம் செய்திருக்கிறார். வானம் கறுத்திருக்கிறது. கடிகாரத்தில் மணி மூன்று. கீழே பஸ்ஸும் ஆட்டோவும் போகின்றன. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்ததும் நெஞ்சு கனத்தது. ஆனால் 'சூப்பர்' என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒட்டவில்லை என்றும் தோன்றுகிறது. எப்படிச் சொல்வது?
- வாசகி, தக்கலை

பதில்: அந்தக் கடிகார முள்ளில் இருந்து தொடங்குங்கள். நண்பகல் முதல் மூன்று மணி வரை இருள் சூழ்ந்ததாக மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியிருக்கிறார்கள். 1893இல் கட்டிய மணிக்கூண்டையே சாட்சியாக நிறுத்தியது உங்கள் நண்பரின் நல்ல யோசனை. நிமிராத தலைகளும் அப்படித்தான். 'இந்த இரண்டையும் கவனித்தேன்' என்று குறிப்பாகச் சொல்லிப் பாராட்டினால், செய்தவருக்கு அது பல நாள் நினைவில் நிற்கும்.

ஒட்டாததற்குப் பெரும்பாலும் நிழல்தான் காரணம். நம் ஊரில் ஏப்ரல் நடுவில் மூன்று மணி வெயிலில் 15 அடிச் சிலுவைக்குக் கிழக்கே சுமார் 12 அடி நிழல் விழும். வானத்தை மட்டும் கறுப்பாக்கிவிட்டு, ரோட்டில் ஆட்டோவின் கூர்மையான நிழலை விட்டுவைத்தால் கண் நம்பாது. கருமேகத்தின் கீழ் நிழலுக்கு விளிம்பு இராது. ஆட்டோ நிழலை மங்கவைத்து, சிலுவை தரையைத் தொடும் இடத்தில் தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு), மல்டிப்ளையில் (அடியில் உள்ளதைக் கறுக்கவைக்கும் கலப்பு முறை), சின்னதாக ஒரு கருமை வைத்தாலே சிலுவை ஊன்றி நிற்கும்.

அடுத்து, கேமராவின் உயரம். தெருவை ஐந்தடி உயரத்தில் இருந்து எடுத்திருந்தால், மேலே தொங்குபவரின் தாடைக்கு அடிப்புறமும் உள்ளங்காலும் தெரிய வேண்டும். இயேசுவாக நின்ற மாடலின் மார்புக்கு நேராகக் கேமராவை வைத்து எடுத்த படம், எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் ஒட்டுப்படமாகவே இருக்கும். இதைப் போட்டோஷாப்பில் சரிசெய்ய முடியாது. மாடலைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் உடலின் பாரம். கையை நேராக நீட்டி நிற்பவர் தொங்குபவர் ஆகமாட்டார். தொங்கும்போது தோள் இறங்கும், மணிக்கட்டு தோளுக்கு மேலே போகும், விலா விரியும், முழங்கால் மடியும். சால்வடார் டாலி 1951இல் சிலுவைப் படம் வரைவதற்காக ஒரு ஸ்டண்ட் கலைஞரையே தொங்கவிட்டுப் பார்த்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். மாடல் ஸ்டூலில் நின்று, தலைக்கு மேலே ஒரு கம்பியை இரு கையாலும் அகலப் பிடித்து, பாதத்தை எடுக்காமல் முழங்காலைப் பத்து விநாடி தளர்த்தினால் போதும். ஸ்டூலைப் பிறகு அழித்துவிடலாம்.

கேபிள் வயர்கள் சிலுவைக்கு முன்னால் போகின்றனவா என்றும் பாருங்கள். இரண்டு வயர் குறுக்கே போனாலே சிலுவை தெருவுக்குள் வந்துவிடும். அதற்கு ஒரு மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் வசதி) போதும்.

குறைகளைத் தனியாகச் சொல்லுங்கள், பாராட்டை எல்லார் முன்னும்.

கேள்வி: இதே படத்தைப் புனித வெள்ளிக்கு ஏ3 அளவில் அச்சிடலாமா?

பதில்: 3508 x 4961 பிக்சல் இருந்தால் தாராளமாக. கறுத்த வானம் தாளில் இன்னும் கறுக்கும். கர்வ்ஸில் (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் வசதி) இருண்ட பகுதியின் வெளிச்சத்தைச் சற்று உயர்த்தி, முதலில் ஏ4இல் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள்.