யாழ்ப்பறவை: வாசகர்கள் கேட்டவை

கேள்வி: மரம் அறுக்கும் மெஷின் சத்தத்தைக்கூட யாழ்ப்பறவை அப்படியே எழுப்புமாமே, நிஜமா?

நிஜம்தான். யாழ்ப்பறவை (lyrebird) என்பது கேட்ட ஒலியை அப்படியே எழுப்பும் ஆஸ்திரேலியப் பறவை. ஆனால் மெஷின் சத்தத்தால் பெயர் வாங்கியவற்றில் பல, மனிதர்களுக்கு நடுவே வளர்ந்தவை. 2021-ல் சிட்னி டரோங்கா உயிரியல் பூங்காவில் ஒன்று கைக்குழந்தை போல வீறிட்டு அழுததே, அதுவும் இந்த வகைதான். கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் வாழ்பவை பெரும்பாலும் கூக்கபரா, சாட்டைக் குருவி போன்ற அக்கம்பக்கத்துப் பறவைகளின் குரலையே எடுத்துப் பாடும். என்னைக் கேட்டால் ரம்பத்தைவிட இதுதான் பெரிய வித்தை.

கேள்வி: இதெல்லாம் பிறவியிலேயே வருமா?

இல்லை, கேட்டுக் கேட்டுக் கற்பதுதான். அதுவும் பெரும்பகுதி மூத்த ஆண்களிடமிருந்து. 1930-களிலும் 40-களிலும் சில யாழ்ப்பறவைகளை டாஸ்மேனியாத் தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே சாட்டைக் குருவியே கிடையாது. ஆனாலும் பல பத்தாண்டுகள் கழித்து அங்கிருந்த யாழ்ப்பறவைகள் சாட்டை சொடுக்குவது போன்ற அதன் குரலைப் பாடிக்கொண்டிருந்தன! அசல் பறவையைக் கண்ணால்கூடப் பார்த்திராத பேரப்பிள்ளைகள் அவை.

கேள்வி: பெண் பறவை பாடுமா?

பாடும், மிமிக்ரியும் செய்யும். வருஷத்துக்கு ஒரே முட்டை. ஏறக்குறைய 50 நாள் தனியாக அடைகாக்கும். ஆண் எட்டிக்கூடப் பார்க்காது.

கேள்வி: வால் யாழ் மாதிரி நிமிர்ந்து நிற்குமா?

அது பழைய படங்கள் கிளப்பிவிட்ட கதை. ஆணின் வாலில் 16 இறகுகள். ஆடும்போது அத்தனையையும் முன்பக்கமாகக் கவிழ்த்துத் தலைக்கு மேல் வெள்ளித் திரை போல விரித்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் 10 சென்ட் நாணயத்தில் அந்த வாலைப் பார்க்கலாம்.

கேள்வி: நாள் முழுக்கத் தரையைக் கிளறிக்கொண்டே இருக்கிறதே, ஏன்?

புழு, பூச்சிக்காகத்தான், நம் வீட்டுக் கோழி மாதிரி. ஆனால் அளவுதான் மலைக்க வைக்கிறது: விக்டோரியா மாநிலத்துக் காடுகளில் கணக்குப் போட்டபோது, ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சுமார் 155 டன் சருகும் மண்ணும் புரட்டப்படுவது தெரிந்தது. புரட்டிய சருகு சீக்கிரம் மக்கிவிடும், காட்டுத்தீக்கு இரை குறையும். இருந்தும் 2019-20-இல் பற்றிய பெருந்தீ இவற்றின் வாழிடத்தில் கணிசமான பகுதியை விழுங்கிவிட்டது.

கேள்வி: நம் பக்கம் இப்படி ஏதாவது உண்டா?

தரையில் திரிவது இல்லை. மிமிக்ரிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் துடுப்புவால் கரிச்சான் இருக்கிறது. வல்லூறு குரலில் அது கத்தினால் நாமும் ஒரு கணம் அண்ணாந்து பார்ப்போம்.