“எந்த விழாவுக்கு அனுப்பலாம் அண்ணா?”: படவிழா கேள்வி பதில்

பன்னிரண்டு வருடமாகப் படவிழாவைச் சுற்றித்தான் என் பிழைப்பு. அடுத்தவர் படத்துக்கு சப்டைட்டில் எழுதுவது, விண்ணப்பம் நிரப்புவது, டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி) ஒழுங்காக வந்திருக்கிறதா என்று இருட்டில் உட்கார்ந்து பார்ப்பது. இரண்டு சின்ன விழாக்களில் முதல் கட்டத் தேர்வுக்கும் உட்கார்ந்திருக்கிறேன். சொந்தமாக ஒரு குறும்படம் எடுத்தேன். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, சந்தோஷம். போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஐந்தாறு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு விஸ்காம் மாணவி: அண்ணா, 22 நிமிடக் குறும்படம் முடித்துவிட்டேன். நண்பர்கள் யூடியூபில் போடச் சொல்கிறார்கள். எனக்குக் கேன்ஸுக்கு அனுப்ப ஆசை. இரண்டும் செய்யலாமா?

யூடியூபில் போடாதீர்கள். இன்றைக்கு வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் கேளுங்கள். ஒரு படத்துக்கு முதல் திரையிடல் ஒரே ஒரு தடவைதான் நடக்கும். பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவு அதைத்தான் கேட்கிறது. கேன்ஸ் குறும்படப் போட்டிக்கு இணையத்தில் வந்த படம் ஆகாது. நீளமும் டைட்டில் உட்பட 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் 22 நிமிடம் அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் நீங்கள் மாணவி. கேன்ஸில் திரைப்படப் பள்ளி மாணவர்களுக்கு ‘லா சினெஃப்’ என்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே 22 நிமிடம் பிரச்சினை இல்லை. 2024-இல் அதில் முதல் பரிசு வாங்கியது புனே திரைப்படக் கல்லூரியில் எடுத்த ஒரு கன்னடப் படம். இயக்கிய சிதானந்த நாயக் மருத்துவம் படித்தவர். ஓராண்டுப் படிப்பின் கடைசிப் பயிற்சிக்காக நான்கே நாளில் எடுத்தார்கள். ஒரு கிழவி சேவலைத் திருடிக்கொண்டு போய்விடுகிறாள், ஊரில் பொழுது விடிய மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் கதை. உங்கள் விஸ்காம் துறையை அவர்கள் திரைப்படப் பள்ளியாக எடுத்துக்கொள்வார்களா என்று விதிமுறையைப் படித்துவிட்டு அனுப்புங்கள். பிரான்ஸிலேயே க்ளேர்மோன் ஃபெரான் என்று குறும்படத்துக்கென்றே பெரிய விழா நடக்கிறது. முதல் திரையிடல்தான் வேண்டும் என்று அவர்கள் அடம்பிடிப்பதில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து: என் படத்துக்கு எட்டு மாதத்தில் 31 சர்வதேச விருதுகள். போஸ்டரில் விருதுக்கான இலை முத்திரை வைக்கவே இடமில்லை. ஆனால் ஒரு தயாரிப்பாளரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன்?

வருத்தப்படாதீர்கள், உங்களை மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்தேன். அந்த 31-இல் 27 மாதாமாதம் விருது கொடுப்பவை. தியேட்டர் கிடையாது, பார்வையாளர் கிடையாது, ஜூரி யார் என்று பெயர் கிடையாது. பெயரில் மட்டும் பாரிஸ், ரோம், லண்டன், நியூயார்க். கட்டணம் 20 டாலர், 30 டாலர். ஜெயித்த பிறகு கோப்பை வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் காசு. இங்கே தயாரிப்பாளர் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது தெரிந்துபோய் ரொம்ப நாளாகிறது.

காசு கட்டும் முன் மூன்று விஷயம் பாருங்கள். போன வருடம் எந்தப் படத்தை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தத் தியேட்டரில் போட்டார்கள் என்ற அட்டவணை இருக்கிறதா? தேர்வு செய்கிறவர்களின் பெயர் வெளியில் தெரிகிறதா? அங்கே ஓடிய படங்களில் ஒன்றையாவது நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்த 30 டாலரில் சவுண்ட் மிக்ஸை இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

இன்னொன்று, “எங்கள் படம் கேன்ஸில் திரையிடப்பட்டது” என்று வரும் செய்தியைப் பார்த்து ஏங்காதீர்கள். விழா நடக்கும்போதே பக்கத்தில் ஒரு வியாபாரச் சந்தையும் நடக்கும். வாடகை கட்டினால் அங்கே யார் படத்தையும் ஓட்டலாம். விழா தேர்ந்தெடுத்துத் திரையிடுவது வேறு கதை.

கோடம்பாக்கம், ஆறு வருடமாக உதவி இயக்குநர்: மூன்று படத்தில் வேலை பார்த்தேன். ஒன்று பாதியில் நிற்கிறது. பேட்டாவில் ஓடுகிறது வாழ்க்கை. கையில் ஒரு சின்னக் கதை இருக்கிறது. தயாரிப்பாளருக்குக் காத்திருக்கவா, விழா பாதையில் இறங்கிவிடவா?

‘விழாப் படம்’ என்று ஒரு தனிச் சரக்கு இருப்பதாக நினைத்து எழுத உட்காராதீர்கள். நீளமான ஷாட், பேசாத ஆட்கள், மழையில் ஒரு நாய். தேர்வில் உட்கார்ந்தபோது இப்படி நூறு படம் பார்த்திருக்கிறேன். அசல் எது, பார்த்துச் செய்தது எது என்று பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’லை எடுத்துக்கொள்ளுங்கள். 75 நிமிடம். குடிகார அப்பா, பள்ளிக்கூடப் பையன், வெயில், பொட்டல். 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவின் முதல் பரிசான டைகர் விருது, 40,000 யூரோவோடு வந்தது. அந்த வருடம் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனதும் அதுதான். அவர் சென்னையில் டிவிடி கடையில் வேலை பார்த்தபடி உலகப் படங்களைப் பார்த்துப் பழகியவர். எல்லாரும் இதுவரைக்கும் சொல்வார்கள். நான் இன்னொரு கணக்கும் சொல்கிறேன். விருது வந்தது 2021 பிப்ரவரியில். நம் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்து ஓடிடியில் பார்த்தது 2023 அக்டோபரில். நடுவில் இரண்டரை வருடத்துக்கு மேல். உங்கள் படத்துக்கும் இப்படி ஓர் இடைவெளி விழுந்தால் வாடகையை யார் கட்டுவது என்பதற்கு இன்றைக்கே பதில் வைத்திருக்க வேண்டும்.

அவருடைய அடுத்த படம் ‘கொட்டுக்காளி’ 2024-இல் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு, ஆகஸ்டில் இங்கே தியேட்டருக்கு வந்தது. பின்னணி இசையே இல்லாத படம். இதையெல்லாம் தியேட்டரில் போடலாமா என்று ஒரு சண்டையே நடந்தது. விழா வாசலிலும் தியேட்டர் வாசலிலும் ஒரே கூட்டத்துக்கு டிக்கெட் விற்க முடியாது என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது.

என்னைக் கேட்டால், உதவி இயக்குநர் வேலையை விடாதீர்கள். இரண்டு ஷெட்யூலுக்கு நடுவில் அந்தச் சின்னக் கதையைக் குறும்படமாகவோ ஒரு மணி நேரப் படமாகவோ எடுத்துப் பாருங்கள். ஆறு வருடத்தில் கேமரா உதவியாளர், சவுண்ட் ஆள், எடிட்டர் என்று நாலு பேர் பழக்கமாகியிருப்பார்கள். உங்கள் மூலதனம் அவர்கள்தான்.

கோவையிலிருந்து: வெளிநாட்டில் படத்துக்குப் பணம் கொடுக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். உங்கள் ஊர்க்காரர் ஒருவரே வாங்கியிருக்கிறார். அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ கோவையில் நடக்கும் படம், திலீப்குமாரின் சிறுகதையிலிருந்து எடுத்தது. ராட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி அதற்குக் கிடைத்தது. 2020-இல் அதே விழாவில் டைகர் போட்டியிலும் இருந்தது. கதை எழுதும் கட்டத்துக்கு அந்த நிதி கொடுப்பது சுமார் 10,000 யூரோ. தயாரிப்புக்குப் பணம் வேண்டுமென்றால், ஒரு வெளிநாட்டுத் தயாரிப்பாளர் உங்களோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று சில நிதிகள் கேட்கும். அந்த வெளிநாட்டுக்காரரை எங்கே பிடிப்பது? அதற்குத்தான் நவம்பரில் கோவாவில் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவோடு சேர்ந்து ஒன்றிய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசி நடத்தும் ஃபிலிம் பஜார் (இப்போது பெயர் ‘வேவ்ஸ் ஃபிலிம் பஜார்’). 2007-இலிருந்து நடக்கிறது. கூட்டுத் தயாரிப்புச் சந்தை, பாதி எடிட்டான படத்தைப் பார்த்து யோசனை சொல்லும் பட்டறை எல்லாம் அங்கே உண்டு.

ஒன்று மறக்காதீர்கள். பணம் கேட்கும்போது கதைச் சுருக்கத்தைவிட இயக்குநர் குறிப்பைத்தான் அவர்கள் உற்றுப் படிக்கிறார்கள். “இது மனித உணர்வுகளைப் பேசும் படம்” என்று எழுதாதீர்கள். எந்தத் தெரு, யார் வீடு, அந்த வீட்டோடு உங்களுக்கு என்ன சம்பந்தம் என்று எழுதுங்கள்.

மதுரையிலிருந்து: சப்டைட்டிலை ஏஐ வைத்துப் போட்டுவிட்டால் போதாதா?

என் சோற்றில் கை வைக்கிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்படியே அனுப்பாதீர்கள். ஒரு படத்தில் இரண்டு நண்பர்கள் வாய்க்கு வாய் ‘மச்சான்’ என்பார்கள். சப்டைட்டிலில் கடைசி வரை ‘மனைவியின் சகோதரன்’ என்ற பொருளில் வந்தது. திரையிடல் முடிந்ததும் ஒரு வெளிநாட்டு அம்மா எழுந்து, “அந்தத் தங்கையை ஏன் கடைசி வரை காட்டவே இல்லை?” என்று கேட்டார். இயக்குநர் என்னைப் பார்த்தார். சப்டைட்டில் போட்டது நான் இல்லை, ஆனாலும் எனக்கு வேர்த்துவிட்டது.

இன்னொரு படத்தில் மகனும் அம்மாவும் பெரிதாகச் சண்டை போடுகிறார்கள். மறுநாள் காலையில் அம்மா, “சாப்டியா?” என்கிறாள். சமாதானம் ஆகிவிட்டது என்று நமக்குத் தெரியும். அங்கே வார்த்தையை மட்டும் மாற்றி வைத்தால் காலை உணவு பற்றிய விசாரணை ஆகிவிடும். நாங்கள் அந்த இடத்தில் வரியை ஒரு நொடி தள்ளிப் போட்டோம். முதலில் முகத்தைப் பார்க்கட்டும், பிறகு படிக்கட்டும் என்றுதான்.

நுணுக்கம் கேட்பவர்களுக்கு: இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு வரியில் 42 எழுத்துக்கு மேல் வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்கள் பக்கப் படங்களுக்கு வெளியே இடம் இருக்கிறதா அண்ணா? தமிழில் எடுத்தால் பார்ப்பார்களா?

2015-இல் கேன்ஸின் தங்கப் பனை வாங்கிய ‘தீபன்’ பிரெஞ்சு இயக்குநர் எடுத்ததுதான், ஆனால் அதில் பெரும்பகுதி பேச்சு தமிழ். நாயகனாக நடித்தவர் உங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி. 2017-இல் ஜூட் ரட்ணத்தின் ஆவணப்படம் ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ கேன்ஸில் சிறப்புத் திரையிடலாகப் போனது. மொழி தடையே இல்லை. தூரம் போகும் முன் வீட்டு வாசலையும் பாருங்கள்: 2015-இலிருந்து யாழ்ப்பாணத்திலேயே சர்வதேச சினிமா விழா நடக்கிறது. வெளியிலிருந்து வரும் இயக்குநர்களோடும் தேர்வாளர்களோடும் ஒரு பிளேன்டீ குடித்துப் பேசுவது, நூறு மின்னஞ்சலைவிடப் பயன் தரும்.

ஈரோட்டிலிருந்து: வெளிநாட்டு விழாவுக்கு சென்சார் சான்றிதழ் வேண்டுமா?

வேண்டாம். இந்தியாவுக்குள் நடக்கும் விழாவாக இருந்தால், சான்றிதழ் இல்லாத படங்களுக்கு ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விழாக்காரர்களே விலக்கு வாங்குவார்கள். இங்கே தியேட்டரில் வெளியிடவும் தேசிய விருதுக்கு அனுப்பவும் சான்றிதழ் கட்டாயம். ‘பேட் கேர்ள்’ 2025 தொடக்கத்தில் ராட்டர்டாமில் ஓடியது. சென்சார் முடிந்து இங்கே தியேட்டருக்கு வந்தது செப்டம்பரில்.

பெயர் வேண்டாம் என்றவர்: 40 விழாக்கள், 40 மறுப்பு. உண்மையிலேயே பார்க்கிறார்களா?

தேர்வாளர்கள் பார்ப்பதற்கான ஸ்கிரீனர் லிங்க்கை பாஸ்வேர்டு போட்டு விமியோ வீடியோ தளத்தில் வைத்திருந்தால், எத்தனை பேர் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று தெரியும். பாருங்கள், ஆனால் தினமும் பார்க்காதீர்கள், பைத்தியம் பிடிக்கும். நான் தேர்வுக்கு உட்கார்ந்தபோது ஒரு நாளைக்கு ஏழெட்டுப் படம் வரும். இரவு பதினோரு மணிக்கு, பக்கத்தில் ஆறிப்போன தோசையோடு உங்கள் படத்தைத் திறப்பவரை நினைத்துப் பாருங்கள். தயாரிப்பு நிறுவனங்களின் லோகோ நான்கு, நன்றி கார்டு இரண்டு, ட்ரோன் ஷாட் ஒன்று. மூன்று நிமிடம் போயே போச்சு. விழாவுக்கு அனுப்பும் பிரதியில் நன்றியெல்லாம் கடைசிக்குப் போகட்டும்.

40 மறுப்பு ஒரே படத்துக்கு என்றால், அதை இனி எந்த விழாவுக்கும் அனுப்ப வேண்டாம். இப்போது அதை யூடியூபில் போடலாம்.

சென்னையிலிருந்து ஒரு பெண்: எனக்கு இயக்குநராக ஆசை இல்லை, ஆனால் இந்த உலகத்தில் இருக்க வேண்டும். வேலை உண்டா?

எனக்குப் பிடித்த கேள்வி. சப்டைட்டில், கலரிஸ்ட், லொகேஷன் சவுண்ட், டிசிபி சரிபார்ப்பு, விழாத் தேர்வாளர், விருந்தினர் ஒருங்கிணைப்பு என்று நிறைய உண்டு. டிசம்பரில் சென்னை விழாவும் திருவனந்தபுரத்தில் கேரள விழாவும் நடக்கும். தன்னார்வலராகச் சேருங்கள். சம்பளம் பெரிதாக இருக்காது, நான்கு வருடத்தில் எல்லாரையும் தெரிந்துவிடும். நான் அப்படி வந்தவன்தான்.

தஞ்சாவூரிலிருந்து: அண்ணா, தேர்வாகிவிட்டது! ராட்டர்டாம்! முதல் படம்! இப்போது என்ன செய்ய?

முதலில் வாழ்த்துகள். அப்புறம், டிசிபியை உடனே பாருங்கள். ஒரு படம் நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தது. டிசிபி போட்ட இடத்தில் அதை 24-க்கு மாற்றினார்கள், ஒலியை மாற்ற மறந்துவிட்டார்கள். 100 நிமிடப் படம் 104 நிமிடமாக நீண்டது, ஒலி மட்டும் பழைய 100-லேயே ஓடியது. முதல் பத்து நிமிடம் பார்த்து ‘ஓகே’ சொல்லியிருந்தார்கள். அதற்குள்ளேயே 20 நொடிக்கு மேல் விலகியிருக்க வேண்டும், ஆனால் அந்தப் படத்தில் முதல் வசனமே பன்னிரண்டாவது நிமிடத்தில்தான். ஆகவே தியேட்டரில் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்.

அழைப்புக் கடிதம் வந்த அன்றே விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். தங்குமிடம், டிக்கெட் யார் செலவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். படத்தை வெளிநாடுகளில் விற்றுத்தரும் முகவர்கள் உங்களுக்கு எழுதுவார்கள். எந்த ஒப்பந்தத்திலும் அந்த வாரமே கையெழுத்துப் போடாதீர்கள், இந்திய உரிமையைத் தனியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அடுத்தடுத்து வரும் மற்ற விழாக்களிடம் திரையிடல் கட்டணம் கேட்கலாம், பலர் கொடுப்பார்கள்.

வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் ஜனவரிக் கடைசியில் அங்கே துறைமுகக் காற்று எலும்பு வரைக்கும் போகும். உள்ளே தெர்மல் போட்டுக்கொள்ளுங்கள், செருப்பு வேண்டாம், ஷூ வாங்கிவிடுங்கள்.