பட்டம் யாருக்குப் போகும்? ஸ்காட்லாந்து பிரபுக் குடும்பங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சென்னை நேப்பியர் பாலத்தின் நேப்பியரும் மடக்கை கண்டுபிடித்த ஜான் நேப்பியரும் ஒரே வம்சமா?

பதில்: ஒரே வம்சம்தான், ஆனால் ஆண் வழியில் இல்லை. மடக்கை தந்த ஜானின் மகன் ஆர்ச்சிபால்டுக்கு 1627-இல் லார்டு நேப்பியர் பட்டம் கிடைத்தது. மூன்றாம் லார்டுக்குப் பிள்ளை இல்லை. 1677-இல் பட்டத்தை மன்னரிடம் ஒப்படைத்து, தன் சகோதரிகள் வழிக்கும் போகும்படி சாசனத்தை மாற்றி வாங்கிக்கொண்டார். அப்படித்தான் சகோதரி மார்கரெட்டுக்கு வந்தது. 1706-இல் அவருடைய மகள் வயிற்றுப் பேரன் பிரான்சிஸுக்குப் போனது. அந்தப் பேரனின் தந்தை தெர்ல்ஸ்டேன் ஊர்க்காரர், ஸ்காட் என்ற குடும்பப்பெயர் கொண்டவர். பேரன் நேப்பியர் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த பத்தாம் லார்டு இந்த வழிதான். ஆக, தந்தை வழியில் பார்த்தால் அது ஸ்காட் பாலம். 1872-இல் அவருக்கு எட்ரிக் பாரன் என்று இன்னொரு பட்டமும் கொடுத்தார்கள். எட்ரிக் பள்ளத்தாக்கு ஸ்காட்டுகளின் சொந்த மண்.

பட்டம் ரத்தத்தின் பின்னால் போவதில்லை, சாசனத்தில் எழுதிய வார்த்தையின் பின்னால் போகிறது. இன்று இதை நான் பல தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பாட்டியின் தாத்தா காம்ப்பெல் என்ற ஸ்காட்டிஷ்காரர். ஆர்கைல் டியூக் குடும்பமாக இருக்குமா?

பதில்: பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆர்கைல் டியூக் காம்ப்பெல் குலத்தின் தலைவர்; அப்படிப்பட்ட குலத்தலைவரின் நிலத்தில் வாழ்ந்தவர்கள், அவரை அண்டிப் பிழைத்தவர்கள் பலர் அவர் பெயரையே சூடிக்கொண்டார்கள். மேலிருந்து கீழே வராதீர்கள். உங்களிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே போங்கள். அவர் இந்தியாவில் மணந்திருந்தால் சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்புகளை அரசு பதியத் தொடங்கியது 1855-இல். அதற்கு முன்னால் திருச்சபைப் பதிவேடுகள்தான்.

கேள்வி: டியூக் பெரியவரா, ஏர்ல் பெரியவரா?

பதில்: டியூக். பிறகு மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட். ஸ்காட்லாந்தில் கடைசிப் படி ‘பார்லிமென்ட் லார்டு’.

கேள்வி: மார் ஏர்ல் என்று இரண்டு பேர் இருக்கிறார்களாமே, எப்படி?

பதில்: இதற்குத்தான் காத்திருந்தேன். 1404-இல் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் கில்ட்ரம்மி கோட்டையைக் கைப்பற்றி, மார் பட்டத்துக்கு உரியவரான அங்கிருந்த விதவை இசபெல்லாவிடம் அந்தப் பட்டத்தையும் நிலத்தையும் எழுதி வாங்கினார். அந்தச் சாசனப்படி, இருவருக்கும் பிள்ளை இல்லாவிட்டால் சொத்து அலெக்சாண்டர் பக்கம் போகும். சில மாதங்களில், இருவரும் மணந்தபோது, அது மாற்றப்பட்டது: பிள்ளை இல்லாவிட்டால் இசபெல்லாவின் வாரிசுகளுக்கு. பிள்ளை பிறக்கவில்லை. 1435-இல் அலெக்சாண்டர் இறந்ததும் அரசரே எடுத்துக்கொண்டார். இசபெல்லாவின் வாரிசுகள் என்று வழக்காடிய எர்ஸ்கின் குடும்பம் 1457-இல் தோற்றது. 1565-இல் ஸ்காட்லாந்து அரசி மேரி, ஜான் எர்ஸ்கினை மார் ஏர்ல் ஆக்கினார். பழையதைத் திருப்பித் தந்தாரா, புதிதாக ஒன்றைத் தந்தாரா? சண்டையெல்லாம் இதில்தான்.

1866-இல் ஏர்ல் பிள்ளையில்லாமல் இறந்தபோது சகோதரியின் மகன் ஒரு பக்கம், ஆண் வழி உறவினரான கெல்லி ஏர்ல் மறுபக்கம். 1875-இல் பிரபுக்கள் சபைக் குழு, 1565-இல் உண்டானது புதுப் பட்டம், ஆண் வாரிசுக்கு மட்டும் என்று கெல்லி தரப்புக்குக் கொடுத்தது. கூச்சல் கிளம்பியது. 1885-இல் ஒரு சட்டமே போட்டு, பழைய பட்டத்தை சகோதரி மகனுக்குக் கொடுத்தார்கள். இரண்டு ஏர்ல் வந்தது இப்படி.

கேள்வி: மறுக்கிறேன். அன்றைய மார் ஏர்ல் 1715-இல் மன்னருக்கு எதிராகக் கலகம் நடத்தியதால் பறிபோன பட்டத்தை 1824-இல் கலகக்காரருடைய மகளின் மகனுக்குத்தானே மீட்டுக் கொடுத்தார்கள்? பெண் வழி செல்லும் என்று அப்போதே ஒப்புக்கொண்டாயிற்றே. 1875 தீர்ப்பு அபத்தம்.

பதில்: நல்ல அடி, ஆனால் முழுதாக விழவில்லை. அந்த மகள் மணந்தது தன் சித்தப்பா மகனை. அதனால் அவர்கள் மகன் பெண் வழியிலும் வாரிசு, ஆண் வழியிலும் வாரிசு. ஒரே மனிதரை இரு கட்சியும் சாட்சிக்கு இழுக்கலாம்.

கேள்வி: அப்படியானால் தீர்ப்பு சரி என்கிறீர்களா?

பதில்: இல்லை. 1565-இல் நிலத்துக்குச் சாசனம் இருக்கிறது. பட்டத்துக்கென்று தனிச் சாசனம் கிடைக்கவில்லை. காகிதம் இல்லாத இடத்தில் ‘ஆண் வாரிசுக்கு மட்டும்’ என்று அனுமானித்தது, பெண்களும் ஏறிய ஸ்காட்லாந்து ஏர்ல் பட்டங்களின் மேல் பிற்கால வழக்கத்தைப் போர்த்திய வேலை என்பது என் கருத்து. சதர்லாண்ட் ஏர்ல் பட்டத்தைப் பாருங்கள், கவுண்டஸ்கள், அதாவது அந்தப் பட்டத்தைத் தாங்களே வகித்த பெண்கள், இருந்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் முடிவு சரி, காட்டும் ஆதாரம்தான் பலவீனம்.

கேள்வி: ‘ஸ்டூவர்ட் குடும்பச் சின்னம்’ இணையத்தில் வாங்கலாமா?

பதில்: சுவரில் மாட்டுங்கள், உங்களுடையது என்று சொல்லாதீர்கள். ஸ்காட்லாந்தில் சின்னம் குடும்பப்பெயருக்கு உரியதில்லை, ஒரு தனி ஆளுக்கு உரியது. எடின்பரோவில் லார்டு லயன் நீதிமன்றம் இதற்கென்றே 1672-இலிருந்து பதிவேடு வைத்திருக்கிறது. உரிமையில்லாமல் பயன்படுத்துவது அங்கே குற்றம்.

கேள்வி: ஒரு சதுர அடி நிலம் வாங்கினால் லார்டு ஆகலாமாமே?

பதில்: ஆக முடியாது. அப்படிப்பட்ட நினைவுப்பொருள் துண்டுகளை நிலப்பதிவில் ஏற்றவே மாட்டார்கள்.

கேள்வி: என் தாத்தாவின் பெயர் கோர்டன்…

பதில்: காம்ப்பெல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் டக்ளஸ்…

பதில்: அதே பதில்.

கேள்வி: டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் தெரியுமா?

பதில்: பட்டத்தைக் கெடுக்க அது உதவும். ஸ்டிச்சில் ஊர் பிரிங்கிள் குடும்பத்தின் பாரனெட் பட்ட (பிரபுக்களுக்குக் கீழே உள்ள மரபுவழிப் பட்டம்) வழக்கில் 2016-இல் பிரிவி கவுன்சில் என்ற அரச ஆலோசனைச் சபையின் நீதிக் குழு டி.என்.ஏ.வை ஏற்றுக்கொண்டது. எட்டாம் பாரனெட்டின் மூத்த மகனாகக் கருதப்பட்டவர் அவருக்குப் பிறந்தவர் இல்லை என்று முடிவாகி, பட்டம் தம்பி வழிக்குப் போனது. ஆனால் டி.என்.ஏ. ஒத்துப்போனாலும், நடுவில் எந்தத் தாத்தா என்று அது சொல்லாது. பதிவேட்டுக்குத்தான் திரும்பி வரவேண்டும்.

கேள்வி: அயர்லாந்து பிரபுக்கள்?

பதில்: என் துறை இல்லை. டப்ளின் ஆவணங்களில் பழகியவரைக் கேளுங்கள்.

கேள்வி: மறுபடி மார். பழைய பட்டம் பிற்காலத்தில் யாரிடம் போனது?

பதில்: மார்கரெட் என்ற பெண்மணியிடம். 1999-இல் மரபுவழிப் பிரபுக்களைப் பிரபுக்கள் சபையிலிருந்து வெளியேற்றியபோது விட்டுவைத்த 92 இடங்களில் ஒன்றில் இருந்து, 2020-இல் ஓய்வு பெற்றார். 1565 பட்டம் தனியே மார்-கெல்லி ஏர்ல் குடும்பத்தில் ஓடுகிறது.